குறி போடாத முண்டுகள்

ஓணத்துக்கு முந்தின நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த வெள்ளை முண்டுகள் இப்போதும் என் கண்ணை விட்டுப் போவதில்லை. மட்டாஞ்சேரியில் துணி வெளுத்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வெளுக்க எடுக்கும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அந்தந்த வீட்டுக்கு உரிய குறியைச் அழியாத சேங்கொட்டை மையால் போட்ட பிறகுதான் தொட்டியில் நனைப்போம். அது எழுபதுகளின் கடைசி. அந்தத் தடவை அப்பா குறி போட உட்கார்ந்தார், பாதியில் எழுந்து போனார், திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துவிட்டார். ஓணத்துக்கு ஊரே வெள்ளை முண்டுதான் உடுத்தும். எது யாருடையது என்று தெய்வமே வந்தாலும் சொல்ல முடியாது. "ஐயோ, இது என்டெ முண்டல்லல்லோ!" என்று வாசலில் ஆள்மேல் ஆளாக வந்து கத்தினார்கள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

எங்கே போயிருந்தாராம்? பக்கத்துக் கடைச் சேட்டனின் ரேடியோ கரகரத்ததாம், அதைப் பிரித்துப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் அப்படித்தான். "இந்தா வந்துட்டேன்" என்பார்; போனால் போனதுதான். சாயா வாங்கப் போனவர் படகுத்துறையில் நின்று சரக்கு இறக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு வேலை மனசுக்குப் பிடித்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம், கூப்பிட்டால் காதிலேயே விழாது. அதனால்தான் யாரும் அவரை நம்பவில்லை. "வேண்டியதுல மட்டும் புத்தி நிக்குதே, இது திமிருதானே?" என்று கேட்டார்கள். அம்மா குலசாமிக்கு நேர்ந்து மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். அந்தக் கயிற்றையும் எங்கோ தொலைத்துவிட்டு வந்தார், பாவி மனுஷர்.

ஓணம் கழிந்ததும் எங்கள் ஆட்களில் பெரியவர்கள் கூடினார்கள். துணி வெளுக்கும் துறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துவைக்க ஒரு தொட்டி உண்டு. அதுதான் சோறு, அதுதான் மரியாதை. "உன்னால எங்க எல்லார் பேரும் கெட்டுப்போச்சுடா. தொட்டிய விட்டுரு" என்றார்கள். அப்பா தொட்டியை விட்டுக்கொடுத்துவிட்டார். தன்னைச் சோம்பேறி என்று அவரே நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. பிறகு பள்ளுருத்திப் பக்கம் அடுத்தவர் கடைகளில் இஸ்திரி போட்டார், எங்கும் நிலைக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கும் அதே மண்டைதான். அடுப்பில் பால் பொங்கி வழியும், பஸ்ஸில் குடை போகும், ஆபீசில் எடுத்த வேலை பாதியிலேயே நிற்கும். நான் நாலெழுத்துப் படித்தவள். அதனால் மறதிக்காரி என்று சிரித்ததோடு என்னை விட்டார்கள். ஐம்பது தாண்டிய பிறகு எறணாகுளத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். சின்னப் பெண்தான். ஏடிஹெச்டியாக இருக்கலாம் என்றாள். கவனம் ஓரிடத்தில் நிற்காதாம், பிறவியிலேயே வருவதாம், சோம்பலும் இல்லை திமிரும் இல்லையாம். சிறுவயதில் நான் எப்படி இருந்தேன் என்று அறிய, என்னை வளர்த்தவர் யாரையாவது அழைத்து வரச் சொன்னாள். அம்மாவைக் கூட்டிப்போனேன்.

எடுத்த வேலையைப் பாதியில் விடுவதுண்டா, பொருள்களைத் தொலைப்பதுண்டா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பதிலிலும் நான் இல்லை, எல்லாம் அப்பாதான். மருத்துவர் அம்மாவின் கையைத் தொட்டு, "அம்மே, ஞான் சோதிச்சது மகளுடெ காரியமாணு" என்றாள், தான் கேட்டது என்னைப் பற்றி என்று.

"அறியாம் மோளே, தெரியும்" என்றாள் அம்மா. "அவருக்கு என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. அதான் சொல்லிட்டேன்."