மரியநாயகி வைத்த ஹெய்ட்டிச் சூப்பு

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மரியநாயகியின் சமையல் புகழ், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம் வரை பரவியிருந்தது. ருசியால் பரவியது என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குழந்தைகள் தூங்கியதும் கைபேசியில் உலகச் சமையல் படிப்பாள். ஒருமுறை ரொட்டிக் கல்லில் பீட்சா சுட்டாள். மிச்சத்தைக் கொத்திய சேவல் ஒரு வாரம் கூவவில்லை. லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வேலைக்குப் பிந்தினார்கள். கணவர் றோலண்ட் மட்டும் எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். உயிர்மேல் ஆசையுள்ள மனிதர்.

மகன் றொனால்ட் கனடாவில் ஹெய்ட்டிக்காரப் பெண்ணொருத்தியைக் கட்டிக்கொண்டான். பெயர் மிர்லாந்த். முதல் தடவையாக அவளை அழைத்துக்கொண்டு வருவதாகப் போன் போட்டான்.

"ஜனவரி ஒண்ணாந்திகதி பகல் சாப்பாட்டுக்கு வர்றோம்மா. சாயந்தரமே நுவரெலியா ஹோட்டலுக்குத் திரும்பிருவோம். லயத்துல கக்கூசு வெளிய இருக்கு, அவளுக்குக் கஷ்டம்."

"நீ பொறந்ததுலேருந்து எங்கடா போன, ஆகாசத்துக்கா?" என்றாள் தாய்.

போனை வைத்ததும் சபதம் எடுத்தாள். ஒரு ராத்திரியாவது மருமகள் இந்தக் கூரைக்குக் கீழ் படுக்க வேண்டும். அதற்கு வழி, அவள் நாட்டுச் சாப்பாட்டை அவள் வாயில் வைப்பதுதான்.

ஹெய்ட்டியில் புதுவருடத்துக்குப் பூசணிச் சூப்பு வைப்பார்களாம். பூசணி, கரட், முட்டைக்கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று நுவரெலியாச் சந்தையையே ஒரு சட்டியில் கவிழ்த்த மாதிரி. மாட்டிறைச்சிதான் முறை. ஆனால் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடாது. மணம் நேரே பக்கத்து வீட்டு நாகலெட்சுமியின் முருகன் படத்துக்குப் போய்விடும். அதனால் கோழி. ஒரே ஒரு கட்டளையைக் கைபேசி வீடியோக்காரி பத்துத் தரம் சொன்னாள்: மிளகாயைக் காம்போடு முழுசாக மிதக்கவிட்டு, வெடிக்குமுன் எடுத்துவிட வேண்டும். மணம் மட்டும் இறங்கணும், காரம் இறங்கக்கூடாது.

பார்த்தாலே தும்மல் வரும் மஞ்சள் நைமிரிஸ் மிளகாய் ஐந்தை முழுசாக மிதக்கவிட்டு, மரியநாயகி சேலை மாற்றப் போனாள்.

அந்த நேரம் பார்த்து நாகலெட்சுமி வடையோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். திடுக்கிட்டாள்.

"அடப்பாவமே, மருமக வர்ற பதட்டத்துல அக்கா மொளகாயக் கீறாமலே போட்டுட்டாங்களே!"

அவள் பரம்பரையிலேயே மிளகாயைக் கீறாமல் யாரும் சட்டியில் போட்டதில்லை. ஐந்தையும் எடுத்து அழகாகக் கீறிப் போட்டு, நன்றாகக் கிண்டி மூடிவிட்டு, புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு உட்கார்ந்தாள்.

வந்தார்கள். சூப்பைக் கண்டதும் மிர்லாந்த் கைதட்டித் துள்ளினாள். அவள் சொல்லச் சொல்ல றொனால்ட் தமிழில் சொன்னான்: "முன்னாடி அடிமைங்கதான் இதை வெள்ளைக்காரத் துரைமாருக்கு வைப்பாங்களாம். ஒரு சொட்டு குடிக்க விடமாட்டாங்களாம். விடுதலை கெடச்ச அன்னைக்கு எல்லாரும் குடிச்சாங்களாம். அது ஜனவரி ஒண்ணு."

"நம்ம கதைதான். கொழுந்து நம்ம கை, குடிக்கிறது எவனோ," என்றாள் நாகலெட்சுமி. "இவங்க பரவால்ல, சூப்பையாச்சும் புடுங்கிக் குடிச்சிட்டாங்க."

மிர்லாந்த் முதல் கரண்டியை விழுங்கினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பாருங்க, புள்ளைக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு," என்று உருகிய மரியநாயகி இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினாள். றொனால்ட் பேச முடியாமல் கையை ஆட்டினான். றோலண்ட் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ஒரு குடம் தண்ணீரைக் காலி செய்தபிறகு மருமகளுக்குக் குரல் வந்தது. படபடவென்று பொரிந்தாள். றொனால்ட் தாயைப் பார்க்கவில்லை.

"அம்மா... இந்தச் சூப்புக்காக அவ பாட்டன் பூட்டனெல்லாம் உசுரக் குடுத்தாங்களாம். இதை இந்த நெலமையில விட்டுட்டுப் போனா அவங்க மன்னிக்க மாட்டாங்களாம். நாளைக்கு அவளே வச்சுக் காட்டணுமாம். ஹோட்டலுக்கு வரமாட்டேங்குறா."

மரியநாயகியின் முகத்தில் அவமானமும் சந்தோஷமும் சண்டை போட்டன. சந்தோஷம் சுலபமாக ஜெயித்தது.

"கம்பளி ஒண்ணு போதுமான்னு கேளுடா," என்றாள்.

தண்ணீர் விழும் பீலியடியில் பாத்திரம் கழுவும்போது நாகலெட்சுமி மெல்லப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். "அக்கா, அந்த மொளகாய... நான்தான்..."

"தெரியும்டி. வாய மூடு," என்றாள் மரியநாயகி. "சூப்பு நல்லா இருந்திருந்தா குடிச்சிட்டு, தேங்க்யூ சொல்லிட்டுப் போயிருப்பா."