பதினோராவது அருள் நிறைந்த மரியே

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கோவிலில் நாலு பேர் முன்னால் எழும்பிச் சாட்சி சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நாங்கள் நெடுந்தீவில் மாடு வளர்த்துச் சீவிக்கிறவர்கள். போன மாரியில் எங்கள் ஒரே மகன் அன்ரன் காய்ச்சலில் விழுந்தான். கடல் கொந்தளித்துக் கிடந்தது. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு ஓடவில்லை. என் கணவர் இறங்குதுறையில் மழைக்குள் நின்று வள்ளக்காரர் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். அந்தக் கடலில் யார்தான் இறங்குவார்? யாரிலும் பிழை இல்லை. கடல் அடங்கியபோது அன்ரன் இல்லை.

அடக்கத்தன்று எங்கள் வீட்டுச் செபமாலையை அவனுடைய கையில் சுற்றிவிட்டோம். அன்றோடு இவர் பேச்சை நிறுத்தினார். கேட்டால் தலையாட்டுவார். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவார்.

முன்பு பொழுதுபட்டால் எங்கள் வீட்டில் செபம் கேட்கும். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'யிலும் இவர் முதற்பாதி சொல்ல, நானும் அன்ரனும் பிற்பாதி சொல்லுவோம். அன்ரன் பசியில் விழுங்கி விழுங்கிச் சொல்லுவான்.

"மெல்லச் சொல்லடா, மாதா பஸ்ஸுக்கே நிக்கிறா?" என்பார் இவர்.

"பஸ் இல்லையப்பா, அம்மான்ர புட்டு ஆறுது."

அதுதான் சந்தோசம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு இரண்டு பாதியையும் நானே சொன்னேன். செபமாலை இல்லாததால் பத்துப் பத்தாக விரலில் எண்ணினேன். "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒரு குரலைத் தாரும். ஏசுகிற குரலென்றாலும் போதும்" என்று மன்றாடினேன். மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பையைக் கட்டினேன்.

"நாளைக்குப் படகில ஊர்காவற்றுறைக்கு அக்காட்டப் போறன். இனி வரமாட்டன்" என்று இவரிடம் சொன்னேன்.

அதற்கும் தலையாட்டினார்.

அன்று மாலையும் முழங்காலில் நின்றேன். அழுகையில் எண்ணிக்கை தவறிவிட்டது. கொட்டில் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"நிப்பாட்டும். பதினொண்டு சொல்லிப்போட்டீர்."

இவருடைய குரல். இவ்வளவு நாளும் வெளியே இருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்!

"அப்ப உள்ளுக்கு வந்து நீங்களே சொல்லுங்கோவன்."

"நேற்று ஒன்பதோடை விட்டனீர். அதுக்கும் இதுக்கும் சரி" என்றபடி வந்து பக்கத்தில் முழங்காலிட்டார். முதற்பாதி சொன்னார். குரல் கரகரத்தது. பிற்பாதியில் அன்ரனுடைய குரல் இல்லாத இடத்தில் இரண்டு பேரும் தடக்கி நின்றோம். பிறகு சொல்லி முடித்தோம்.

துக்கம் போகவில்லை. மூன்றாவது கோப்பை இன்னும் கவிழ்த்தபடிதான் இருக்கிறது. ஆனாலும் மாட்டைப் பற்றி, கறியைப் பற்றி இவர் ஒரு சொல் சொன்னாலே மனதுக்குள் நன்றி சொல்லுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது பேசாமல் இருந்தால் செபத்தை விட்டுவிடாதீர்கள். சத்தமாகவே சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அடுத்த நாள் படகு நேரத்துக்குப் போனது. நான் போகவில்லை. புட்டுக்கு உப்புக் கூடிவிட்டதென்று இவர் ஏசினார்.