எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வளையம்

"ஒரு கை கம்பியில! கம்பிய விடாத, ராசா!" என்று கத்திக்கொண்டே, அதே ராசாவின் மூக்குக்கு நேராகப் பேரிக்காயை நீட்டுகிறார் ரொகேலியோ ப்ருஸோனே. தின்கிற பேரிக்காய் இல்லை, மரத்தில் கடைந்தது. அதன் நுனியில் ஒரு வளையம் செருகியிருக்கும். சுற்றுகிற ராட்டினத்தில் குதிரை மேல் வருகிற பையன் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். அதற்குள் பேரிக்காய் மேலே போய்விடுகிறது. பின்னால் சிங்கத்தின் மேல் வருகிற சிறுமிக்குக் காதோரம் ஒரு கிச்சுக்கிச்சு. அதற்கும் பின்னால் வருகிறவனுக்குத் தொப்பி மேல் ஒரு தட்டு. வளையத்தைப் பறித்தவருக்கு அடுத்த சவாரி இலவசம். பறிக்காதவருக்கு அழ உரிமை உண்டு.

புவனோஸ் ஐரிஸில் சென்தெனாரியோ பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஏரி வாத்துகளையும் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் இவரிடம்தான் வந்து சேர்வார்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள். வெளிநாட்டார் வேறு, வரைபடத்தை விரித்துக்கொண்டு வருவார்கள். "பூங்காவுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, பார்க்கிற மாதிரி பூங்கா எங்க இருக்குன்னு எங்கிட்டயே கேக்குறாங்க!" என்று சிரிப்பார். ரோஜாத் தோட்டத்துக்கு எந்த பஸ், ஜப்பானியத் தோட்டத்துக்கு எந்த பஸ் எல்லாம் சொல்லிவிட்டு, "ரோஜா எங்கயும் ஓடிப்போயிடாது. ஒரு சுத்து உக்காந்துட்டுப் போங்க" என்பார். போன மாதம் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மரப்பன்றி மேல் உட்கார்ந்து மூன்று பாட்டு முடியும்வரை கையை நீட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு வளையம் கிடைக்கவில்லை. பெரியவர்களுக்குக் கிடையாது.

மூன்று பாட்டு ஒரு சவாரி. மூன்றாவது முடிந்ததும் கயிற்றை இழுத்து மணி அடிப்பார். முப்பத்தைந்து வருஷமாக அந்த மணி ஒரு பாட்டு முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

யாருக்குப் பல் விழுந்தது, யார் வீட்டில் புதுத் தம்பி பிறந்தான், போன வாரம் அழுதுகொண்டு போனது யார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். வேண்டிய பிள்ளை வரும்போது கை ஒரு கணம் அசையாமல் நிற்கும். அவ்வளவுதான். பிள்ளை தான் வென்றதாக நினைத்துக்கொண்டு கூவும். "அதிர்ஷ்டம்னு இங்க ஒண்ணும் கிடையாது. நான்தான் அதிர்ஷ்டம்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

பக்கத்தில் சர்க்கரைப் பாகில் கடலை வறுத்து விற்கிற சூலெமா விடமாட்டாள். "நீதிபதியா உக்கார வேண்டிய ஆளு! தப்பித் தவறி ராட்டினம் சுத்த வந்துட்டாரு."

"நீ கடலையைக் கிண்டு. தீயுது."

"என் கடலை தீஞ்சா வேற வறுத்துக்குவேன். உன் தீர்ப்ப மாத்த முடியுமா?"

சூலெமா எந்தத் தீர்ப்பைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்ப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, குழலை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அவருக்கு ஒரே மகள், யானினா. ராட்டினத்திலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே குதிரை மேல்தான். ஒரு நாள்கூட அவளுக்கு வளையம் கொடுத்ததில்லை. "ராட்டினக்காரன் மகளுக்கே கிடைச்சா மத்த புள்ளைங்க எதுக்குக் கை நீட்டப் போகுது?" என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. ஒன்பது வயதில் ஒரு நாள், இரண்டு கையையும் விட்டு வளையத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தவள் கீழே விழுந்தாள். மோவாயில் நாலு தையல். மகளைத் தூக்கிய கையோடு, அழுதுகொண்டு நின்ற வேறொரு பிள்ளையிடம் வளையத்தைக் கொடுத்து அதைச் சமாதானப்படுத்தினார். கம்பியைப் பிடி என்று அவர் கத்த ஆரம்பித்தது அந்த நாளிலிருந்துதான். அவள் அதன் பிறகு ராட்டினத்தில் ஏறவே இல்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்தாள்தான். வளர்ந்து, தெற்கே நெவுகெனுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அம்மாவின் சாவுக்கு வந்தவள், புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஊர்ல இருக்கிற எல்லாப் புள்ளைக்கும் நீ அப்பா மாதிரி. எனக்கு மட்டும் ராட்டினக்காரன்." அது ஆறு வருஷத்துக்கு முன்னால். புத்தாண்டுக்குப் புத்தாண்டு செல்போனில் ஒரு வரி வாழ்த்து வரும். ஒரு வருஷம் அதோடு ஒரு குழந்தையின் படமும் வந்தது. அந்தப் படத்தைச் சூலெமாவிடம் காட்டாத நாள் இல்லை.

போன ஞாயிறு அந்தப் படம் நேரில் வந்து நின்றது. நாலு வயது, பெயர் சீரோ. கையில் ரப்பர் டைனோசர்.

"பக்கத்து மியூசியத்துக்கு வந்தோம்" என்றாள் யானினா. அப்பா என்ற சொல் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. "டைனோசர் எலும்பு பாக்கணும்னு ஒரே பிடிவாதம். இதப் பாத்ததும் இதுல ஏறணுமாம். ஒரே ஒரு சுத்து. அஞ்சு மணிக்கு பஸ்."

"ஏறட்டும்மா" என்றார்.

"சின்னவன், விழுந்துடுவான். நானும் பக்கத்துல நிக்கிறேன்."

சீரோ யானையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு கையை அவன் முதுகில் வைத்து, மறு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். மோவாயில் அந்தத் தழும்பு, வெயில் பட்டபோது வெள்ளையாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து அவள் இந்தப் பலகை மேல் கால் வைத்திருக்கிறாள். ரொகேலியோ ராட்டினத்தை ஓடவிட்டார்.

முதல் பாட்டு முழுக்கப் பேரிக்காயைத் தொங்கப் போட்டபடி நின்றார். இரண்டாவது பாட்டில், யானை அருகே வந்தபோது, பேரனின் தலைக்கு மேலாக மகளுக்கு நேரே நீட்டினார். அவள் வாத்துகளைப் பார்த்தாள். அடுத்த சுற்றிலும் நீட்டினார். அடுத்ததிலும்.

மற்ற பிள்ளைகள் வரும்போது கையை உயர்த்திக்கொண்டார். தட்டும் இல்லை, கிச்சுக்கிச்சும் இல்லை. "எனக்கு! எனக்கு!" என்று கூச்சல் எழுந்தது. "என்னங்க இது, பெரியவங்களுக்கு நீட்டுறீங்க?" என்று ஒரு தாய் வேலி ஓரத்திலிருந்து கேட்டாள். "என்னைக்கும் இல்லாத அநியாயமா இருக்கே!"

"அநியாயம்தாம்மா" என்றார் ரொகேலியோ, அவள் பக்கம் திரும்பாமலே.

சூலெமா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. கயிறு அவர் இடது கைக்குப் பக்கத்திலேயே தொங்கியது. அவர் தொடவில்லை. பாட்டில்லாமல் ராட்டினம் சுற்றியது. மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாட்டு முடிஞ்சிருச்சு" என்றாள் யானினா, கடந்து போகும்போது.

"தெரியும்மா."

மறுபடி வந்தாள். "மணி அடிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அந்தப் பக்கம் போய் மறைந்தாள். வளையத்தை வாங்கினால் இன்னொரு சவாரி இருந்தாக வேண்டும். அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அஞ்சு மணி பஸ் போய்விடும். அந்த அரைச் சுற்றுக்குள் ரொகேலியோவுக்கு, வேண்டாம், மணியை அடித்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பயம்தான்.

யானை வளைந்து வந்தது. சீரோ டைனோசரை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் முகம் ஏரிப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம் இருந்தது. கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்து நீண்டது. பிள்ளைகளின் கை மாதிரி, விரல்களையெல்லாம் விரித்துக்கொண்டு.

முப்பத்தைந்து வருஷப் பழக்கம். நீண்ட கையைக் கண்டதும் ரொகேலியோவின் மணிக்கட்டு பேரிக்காயை எட்டாமல் தூக்கிவிடத் தானாகத் திரும்பப் போனது. இடது கையால் அதை எட்டிப் பிடித்து, அசையவிடாமல் இறுக்கிக்கொண்டார்.