கிளிப்பைத் தட்டிப் பார்க்கும் சுகுணா

அலுவலகக் கதவைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சுகுணா கிளிப்புகளைத் தட்ட ஆரம்பிக்கிறாள். எங்கள் பதிவுக் கோப்பில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதன் மூலையில் கிளிப்பு மாதிரி ஒரு சின்னக் குறி. அதைத் தட்டினால், அந்த நோயாளியைப் படுக்கையிலிருந்து எப்படித் தூக்க வேண்டும் என்று காட்டும் படம் திறக்கும். ஒன்றுவிடாமல் தட்டுவாள். படம் வரத் தாமதமானால் மேசையை உள்ளங்கையால் அறைவாள்.

அதுதான் கிளிப்பு தெரிகிறதே, எதற்குத் தட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் தீர்ந்தது. “கிளிப்பு இருந்தா படம் இருக்குதுன்னு அர்த்தமா? பொட்டு வெச்சிருந்தா புருசன் ஊட்டுல இருக்கறான்னு அர்த்தமா?” என்பாள். அவள் புருஷன் திருப்பூருக்குப் போனவன், திரும்பவில்லை. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் சிரித்து, வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், எழுந்து நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் சின்ன அமைப்பு எங்களுடையது. பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. என்னிடம் படித்தவர்களில் சுகுணாவைப் போல் கை சுத்தமானவளும் இல்லை, வாய் மோசமானவளும் இல்லை. கனத்த நோயாளி ஒருவரைத் தனியாளாகத் தூக்கி முதுகுத்தண்டில் அடி வாங்கினாள். அதன்பின் சேலைக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள். வலி வரும்போதெல்லாம் எழுந்து நின்று யாரையாவது திட்டுவாள். யாரும் இல்லாவிட்டால் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குரங்கைத் திட்டுவாள்.

இந்தத் தட்டும் பழக்கம் கம்ப்யூட்டர் மாற்றியபோது வந்தது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்து புதியதில் போட்டார்கள். பெயர்கள் வந்தன, கிளிப்புகளும் வந்தன. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. படங்கள் கோப்புக்குள் இருப்பதில்லை. தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன, கிளிப்பு அந்த இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஃபோல்டரைப் பழைய கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டார்கள். அதைத் தேடி எடுக்கும்வரை எங்கள் பெண்கள் குத்துமதிப்பாகத்தான் ஆட்களைத் தூக்கினார்கள். அன்று பிடித்த கோபம் சுகுணாவுக்கு இன்னும் தீரவில்லை.

இந்த வருஷம், ஊருக்கு ஒன்றாகத் தனித்தனியே இருந்த நாகலூர் கோப்பையும் வெள்ளக்கடைக் கோப்பையும் ஒன்றாக்கச் சொல்லி, சேலத்திலிருந்து எங்கள் அதிகாரி விக்னேஷ் உத்தரவு போட்டார். இந்தத் தடவை சுகுணா ஃபோல்டர்களை மறக்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினாள். இதே பெயரில் ஏற்கெனவே படம் இருக்கிறது, அதற்குப் பதில் இதை வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அமுக்கினாள். பிறகு கிளிப்புகளைத் தட்டினாள். எல்லாம் திறந்தன. அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

எங்கள் பெண்கள் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அய்யா, பெரியம்மா, அவ்வளவுதான். படங்களுக்கு வைத்த பெயரும் அப்படியே: அய்யா 1, அய்யா 2. வெள்ளக்கடைக்குப் போகும் நந்தினி ஒருமுறை அங்கிருக்கும் நோயாளியின் படத்துக்குச் ‘சென்றாயன்’ என்று மொட்டையாகப் போட்டிருந்தாள். “உங்க தாத்தாவையும் இப்பிடித்தான் பேரு சொல்லிக் கூப்புடுவியா?” என்று சத்தம் போட்டு, சுகுணா தன் கையாலேயே அதை அய்யா 1 ஆக்கினாள். நாகலூரிலும் ஓர் அய்யா 1 இருந்தார். படத்தில் முகம் வரக்கூடாது என்பது நான் போட்ட விதி. விரிப்புகளும் எல்லா வீட்டிலும் நாங்கள் கொடுத்த அதே கோடு போட்ட விரிப்பு.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நந்தினி லீவு போட்டாள். அவளுக்குப் பதிலாகப் போன மோனிஷா வேலைக்குப் புதியவள். போகுமுன் சென்றாயன் பக்கத்தில் கிளிப்பைத் தட்டிப் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டாள். வலது கையைப் பிடித்து எழுப்பு என்றது படம். மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து, வலது தோளில் பிளேட் வைத்த மனிதர் அவர். மோனிஷா பிடித்து எழுப்பினாள். அவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் ஓடி வந்தது. சேலத்துக்குத் தூக்கிப் போனோம். பிளேட் நகரவில்லை, ஆனால் ஆறிவந்த தசை மறுபடி கிழிந்தது. ஊருக்குத் திரும்பியதும் மோனிஷாவைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விக்னேஷ் மலையேறி வந்தார். மோனிஷாவின் கவனக்குறைவு, வேலையை விட்டு நீக்குகிறோம் என்றார். படத்தில் இருப்பதை அப்படியே செய் என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான் என்றேன். படம் சரியாக இருக்கிறது, நானே திறந்து பார்த்தேன் என்றார். திறந்தால் சரியாம். மோனிஷா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

காலையிலிருந்து அதிகாரியையும் மோனிஷாவையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்த சுகுணா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அப்படியே அடங்கிப்போனாள். படத்திலிருந்த வலது கையில் வாட்ச் இருந்தது. சென்றாயன் வாட்ச் கட்டுகிறவரே இல்லை. நாகலூர் ஞானசுந்தரம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். வாதத்தில் இடப்பக்கம் விழுந்த பிறகு வாட்சை வலது கைக்கு மாற்றியவர். அவருடைய படம் இவர் பக்கத்தில் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் பெயர் அய்யா 1 என்பதால், பின்னால் கொட்டிய நாகலூர் படம் வெள்ளக்கடைப் படத்தை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். விக்னேஷுக்கு அது ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. சுகுணா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“அவளை எதுக்குங்க அனுப்பறீங்க? அவ படத்தைப் பாத்துச் செஞ்சா. ரெண்டு பேருக்கும் அய்யான்னு வெச்சது நானு. மிசின் கேட்டப்ப ஆமான்னு அமுக்குனதும் நானு. எழுதறதுன்னா எம்பேரை எழுதுங்க.”

எழுதினார். எச்சரிக்கைக் கடிதம் சுகுணாவுக்கு வந்தது, மோனிஷாவுக்கு வேலை தங்கியது. ஆனால் அழிந்துபோன வெள்ளக்கடைப் படங்களுக்கு வேறு பிரதி இல்லை. மோனிஷாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு வசவு வைத்து, சுகுணா வீடு வீடாகப் போய்ப் புதிதாகப் படம் எடுக்கிறாள்.

சென்றாயன் வீட்டுக்கு அவர்கள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். மோனிஷாவைக் கண்டதும் அவர் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பினார். சுகுணா கட்டிலோரம் நின்று நடந்ததைச் சொன்னாள். தன்மேல் தப்பு என்று அவள் சொல்லும்போதும் அது அடுத்தவரைத் திட்டுவது போலத்தான் கேட்கும். பிறகு மோனிஷாவின் கையை வெடுக்கென்று பிடித்து அவருடைய இடப்பக்கம், முதுகுக்கு அடியில் வைத்தாள். அவர் உடம்பை விறைத்தார். கொஞ்சம் பொறுத்து, தளர்த்தினார். மோனிஷா நோகாமல் தூக்கினாள். சுகுணா படம் எடுத்தாள்.

படத்துக்கு என்ன பெயர் என்று போன் கேட்டது. சுகுணாவின் விரல் தயங்கியது.

“உங்க பேரைத்தானுங்க அய்யா போடோணும். மொட்டையா.”

“போடு கண்ணு. பேரு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். கையப் புடிச்சு இழுத்தாத்தான் கோவிச்சுக்குவேன்.”

சென்றாயன், வெள்ளக்கடை, வலது தோள் என்று அடித்தாள். போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், இரண்டு கன்னத்திலும் வேகமாகப் போட்டுக்கொண்டாள்.