குண்டு பாய்ந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்டவர்

டாக்டர் ஜானகி அம்மாள் காலமான செய்தி வந்தபோது, கூமாப்பட்டியில் எங்கள் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி இருக்கும். அவரிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்த செல்வராஜ் போனில் அழைத்தார். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

"அண்ணே, டாக்டரம்மா போயிட்டாவ. காப்பி போட எந்திரிச்சவிய அடுப்படியிலேயே சாஞ்சுட்டாவளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நிறைவேற்றாமல் நாளைக் கடத்தி வந்தேன். இனி நிறைவேற்றினாலும் அவர் பார்க்கப் போவதில்லை என்பதுதான் முதலில் உறைத்தது.

அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ராஜபாளையத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அரசு கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகம் பகுதியில் ஒரு சிறிய வீட்டில் தங்கையோடு வசித்தார். எங்களிடம் எங்கள் ஊர்த் தமிழில் பேசுவார். நோவில் கிடக்கும் மாட்டிடமும் நாயிடமும் மட்டும் தெலுங்கு வந்துவிடும். "ஏமம்மா, ஏமைந்தி?" என்று காதருகே குனிந்து கேட்பார். என்னம்மா, என்ன ஆச்சு என்று பொருள்.

நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஆண்டில்தான் அவரை முதலில் சந்தித்தேன். எங்கள் பசு ஈனும்போது கன்று குறுக்கே நின்றுவிட்டது. ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். கூடி நின்றவர்களுக்கு நான் பட்டாளத்துப் பழக்கத்தில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க நீங்க கயிறு பிடிக்கிற ஆளு, மிலிட்டரிக்காரரே. செத்த நேரம் வாய மூடிக்கிட்டு, நான் சொல்லும்போது இழுங்க" என்றார்.

இழுத்தேன். கன்று பிழைத்தது. அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்கு மிலிட்டரிக்காரர்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்ததை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை.

என்னிடம் ராஜபாளையம் நாய் ஒன்று இருந்தது. ஜவான் என்று பெயர். ஒரு மாசி மாதம் அது தீனியைத் தொடாமல் ஒதுங்கியது. வாந்தி எடுத்தது. பிறகு சுவரில் மோதிக்கொண்டே நடந்தது. கால்கள் வெட்டி இழுத்தன. வெறி பிடித்துவிட்டது, சுட்டுப் போட்டுவிடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் அதற்குத் துணிந்துவிட்டேன். செல்வராஜிடமிருந்து தகவல் அறிந்து அம்மையார் வந்தார். நாயை நெடுநேரம் பார்த்தார்.

"இது வெறி மாதிரி தெரியல. என்ன தின்னுச்சு?"

"சோறும் பாலுந்தான், டாக்டரம்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

ஜவானை வண்டியில் ஏற்றி ராஜபாளையம் கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னை அருகில் அழைத்தார். இரைப்பை இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று புள்ளிகள். பெரிதும் பொடியுமாக நான் எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

"இது சோறா, மிலிட்டரிக்காரரே?"

என்னிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி உண்டு. வெடித்துச் சத்தம் எழுப்பி விரட்டத்தான் அனுமதி. ஆனால் அந்தப் பருவத்தில் சோளத்தில் இறங்கிய காட்டுப்பன்றிகளில் மூன்றை நான் சுட்டிருந்தேன். குற்றம் என்று தெரிந்தே சுட்டேன். குடலையும் காயம்பட்ட சதையையும் நாய்க்குப் போட்டேன். எல்லாவற்றையும் தலைகுனிந்து சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறியது வேறு ஒன்றுக்காக.

"கறிய யாரு சாப்பிட்டா?"

நான் எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுல யாரெல்லாம் சாப்பிட்டாவ? சொல்லுங்க."

மீதிக் கறியை உப்புக்கண்டம் போட்டு வைத்திருந்தோம். மருமகள் அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. மசக்கையில் வேறு எதுவும் இறங்கவில்லை என்று இரண்டு மாதமாக உப்புக்கண்டத்தை வறுத்து வறுத்து அவளுக்குத்தான் கொடுத்தோம். இதைச் சொன்னதும் அம்மையார் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஈயம் நஞ்சு என்றும், துப்பாக்கியின் ஈய ரவை உடலில் பாயும்போது பொடிப்பொடியாகச் சிதறும் என்றும், கண்ணுக்கும் பல்லுக்கும் தட்டுப்படாத துகள்கள் காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட இருக்கும் என்றும் அன்றுதான் நான் அறிந்தேன். சுடுவது எப்படி என்று எனக்குப் பட்டாளத்தில் கற்றுக் கொடுத்திருந்தார்கள். குண்டு பாய்ந்த பிறகு அது என்ன ஆகிறது என்று நானும் கேட்டதில்லை, யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

ஜவான் ஐந்தாம் நாள் செத்தது. மருமகளை அம்மையாரே மதுரைக்கு அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். கர்ப்பிணிக்கு இருக்கக் கூடாத அளவில் ஈயம் இருந்தது. மிச்சமிருந்த உப்புக்கண்டத்தைக் குழி தோண்டிப் புதைத்தோம். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் மருமகள் மருத்துவரிடம் போய் வந்தாளா என்று போன் செய்து கேட்பார். போலீசில் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்ததைக் கண்டுகொண்டு ஒருநாள் அவரே சொன்னார்: "நான் நாய்க்கு வைத்தியம் பாக்க வந்தவ. அந்த வேலையில தெரிஞ்சத ஊருல போயிச் சொல்ல மாட்டேன். நீங்க இனிமே சுடாதீங்க."

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் பேச்சு வரத் தாமதமாயிற்று. மற்றப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசும் வயதில் அவள் இரண்டு சொல்லைச் சேர்க்கத் திணறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு மடவார் வளாகத்துக்குப் போனேன். அவளைப் படியில் விளையாட விட்டுவிட்டு, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். அம்மையார் என்னைத் தேற்றுவதற்காக எதையும் சொல்லவில்லை.

"அதனாலதான்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்ல. அதனால இல்லன்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. எத்தனையோ பிள்ளைக தாமதமாத்தான் பேசுது. உங்களுக்கு இதத்தவிர வேற பதில் யாரு சொன்னாலும் நம்பாதீங்க."

இன்றுவரை அந்தப் பதிலோடுதான் நானும் என் மகனும் மருமகளும் வாழ்கிறோம்.

இதற்கிடையே பன்றித் தொல்லை பெருகியது. அதை அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. விதைத்து, களையெடுத்து, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், காலையில் போய்ப் பார்த்தால் அரை ஏக்கர் படுத்துக் கிடக்கும். தின்றதைவிட மிதித்ததுதான் அதிகமாக இருக்கும். பன்றிகளைச் சுட அனுமதி வேண்டும் என்று எங்கள் வட்டார விவசாயிகள் கேட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. விவசாயிகள் தரப்பில் பேச என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அம்மையார் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அழைப்பில்லாமல் தானாகவே வந்திருந்தார். முறை வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதில் மூன்று ஈய ரவைகள்.

"போன மாசம் ஒரு கழுகு பறக்க முடியாம தரையில கெடந்துச்சுன்னு கொண்டாந்தாவ. கழுத்த நிமித்த முடியல. செத்த பொறவு அறுத்துப் பாத்தேன். இது அதோட இரைப்பையில இருந்துச்சு. யாரோ சுட்டு, தேடாம விட்ட பன்றியத் தின்னுருக்கு. பன்றியச் சுடலாமா கூடாதான்னு நான் பேச வரல. அது விவசாயிக்கும் கவருமெண்டுக்கும் உள்ள பேச்சு. சுடுறதுன்னு முடிவானா ஈயத்துல சுடாதீங்க. அத மனுவுல ஒரு வரி சேருங்க. அம்புட்டுத்தான்."

கூச்சல் எழுந்தது. ஈயத்துக்குப் பதில் செம்புக் குண்டு என்றால் அதற்கு எங்கே போவது, எங்களிடம் இருக்கும் பழைய துப்பாக்கிக்கு அது ஒத்து வருமா, எவ்வளவு விலை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தாம். அவரும் மறுக்கவில்லை. "கெடைக்கிறது கஷ்டந்தான், வெலையும் கூடத்தான். அதனாலதான் மனு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கன்னு சொல்லுதேன்" என்றார். செத்த பன்றியைத்தான் விதிப்படி ஆழக் குழி தோண்டிப் புதைக்கப் போகிறார்களே என்று ஒருவர் சொன்னார். "அடிபட்டுக் காட்டுக்குள்ள ஓடுறத எப்படிப் பொதைப்பிய? பொதைக்காம வீட்டுக்குக் கொண்டு போறத யாரு தடுக்கப் போறா?" என்று கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மைக் என் கைக்கு வந்தது. என்னைச் சுற்றி எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். என் வீட்டு விஷயம் எங்கே வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்குக் குரல் வழக்கத்தைவிட உயர்ந்தது.

"டாக்டரம்மாவுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. கழுகுக்கு வருத்தப்படலாம். எங்க புள்ளைகளுக்கு வருத்தப்பட யாரு இருக்கா?"

கைதட்டலும் சிரிப்பும் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அம்மையார் எழுந்து நின்றார். அந்த எக்ஸ்ரேயைப் பற்றி, மதுரைப் பரிசோதனையைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கழுகுக்காகச் சிரித்தவர்கள் ஒரு கர்ப்பிணிக்காகச் சிரித்திருக்க மாட்டார்கள். அந்த மனுவில் ஈயம் பற்றிய வரி சேர்ந்திருக்கும். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு புட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்று மட்டும் கூறிவிட்டு வெளியேறினார். மனு அந்த வரி இல்லாமலே போனது.

எட்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் கோபம் இல்லை. தளர்ச்சி இருந்தது.

"நீங்க சொல்லியிருக்கலாமே, டாக்டரம்மா."

"அது உங்க வீட்டுச் சேதி. அத எடுத்து நான் எப்படிப் பேச?"

"நான் பேசுனது தப்பு. மன்னிச்சுக்கிடுங்க."

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப் போகுது? நான் கழுகச் சொன்னேன், யாரும் கேக்கல. துப்பாக்கி வச்சிருக்குத ஒருத்தர் எந்திரிச்சு, என் வீட்டுல இப்படி நடந்துச்சுன்னு சொன்னா கேப்பாவ. உங்க மருமக சம்மதிச்சா சொல்லுங்க. இல்லன்னா விட்டுருங்க."

அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த கூட்டம் வந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அதற்கடுத்ததற்கு உடம்பு சரியில்லை என்று போகவே இல்லை. அம்மையார் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. வழியில் பார்த்தால் பேத்தியைப் பற்றி மட்டும் விசாரிப்பார்.

அவர் மறைந்த அன்று, மடவார் வளாகத்துக்குப் புறப்படும் முன் மருமகளிடம் கேட்டேன். இவ்வளவு காலமும் நான் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை. அவள் யோசிக்கவில்லை.

"சொல்லுங்க மாமா. என் பேரப் போட்டே சொல்லுங்க. அவிய இருக்கும்போதே கேட்டிருக்கக் கூடாதா?"

பெயரை நான் போடவில்லை. மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். இதனால் என்மேல் வழக்கு வந்தால் வரட்டும். வரும் கூட்டத்தில் இதையே எழுந்து நின்று வாசிப்பேன். என்னை எனக்கே நம்ப முடியாததால்தான் முதலில் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அவர் மறைந்த அன்று பத்து மணிக்குள் அவர் வீட்டுத் தெரு நிறைந்துவிட்டது. வத்திராயிருப்பு, ராஜபாளையம் என்று எங்கிருந்தெல்லாமோ மாடு வைத்திருப்பவர்கள் வந்திருந்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவரை எதிர்த்துக் கூச்சலிட்டவர்களும் மாலையோடு நின்றார்கள். அமரர் ஊர்தி வந்து நின்ற நேரத்தில், ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் முன்னங்கால் ஒடிந்த வெள்ளாடு. சாவுச் சேதி அவருக்குத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "டாக்டரம்மா இல்லையா?" என்று கேட்டார்.

செல்வராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கட்டுத் துணியும் மூங்கில் பத்தைகளும் எடுத்து வந்தார். தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டேன். அது திமிறிக் கத்தியது. கூடி நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அம்மையாரின் தங்கை ஊர்தியின் அருகிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, தூக்கத் தயாராக நின்றவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க. அந்தக் கட்டு முடியட்டும்" என்றார்.

கட்டு முடியும்வரை எல்லோரும் நின்றோம். அதன் பிறகுதான் அவரைத் தூக்கினோம். என் தோளிலும் அவர் பாரம் இருந்தது.

டாக்டரம்மா, தாமதமாக வந்தவனின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.