அயர்லாந்துக் கடிதமும் ஆறேகால் பஸ்ஸும்

ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ‘துரை வூடு’ என்று பெயர். அப்பா போவது சைக்கிளில். மழை பெய்தால் கூடத்தில் மூன்று இடத்தில் பாத்திரம் வைப்போம். ஆனாலும் துரை வீடுதான். வாலாஜாபாத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் ஒரு துரை எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார், அவர் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது கதை. அதற்கு அத்தாட்சி அத்தையின் கண்கள் மட்டும்தான். அப்பாவின் தங்கையான அவளுக்குப் பூனைக்கண். யாராவது சந்தேகப்பட்டால் அப்பா அவளைக் கூப்பிட்டு வாசல் வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டுவார். அவளும் அலுத்துக்கொண்டே வந்து நிற்பாள்.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது மாமா மெட்ராஸ் போய் ரயிலேறி, பம்பாய்ப் பக்கம் டேங்கர் லாரி ஓட்டப் போனார். முதலில் கடிதம் வந்தது. பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. கேட்டால், ‘மாமா வேலைக்குப் போயிருக்கிறார்’ என்பார்கள். எல்லார் வீட்டு ஆண்களும் வேலைக்குத்தானே போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பூத்தில் பால் வாங்கி வருவது அத்தையின் வேலை. பத்து நிமிஷ நடைதான். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். அரை லிட்டர் பாலுக்கு ஒரு மணி நேரமா என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் மட்டும் விடமாட்டாள்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது அயர்லாந்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். அப்பா எங்கள் ஊர் மாதா கோயிலில் உபதேசியார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்குமான பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்ததால் பங்குச்சாமியார் கடிதத்தை அவரிடம் தள்ளிவிட்டார். அப்பா என்னிடம் தள்ளினார். ஸ்ரீபெரும்புதூரில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் என்ற பெருமைக்கு அன்றுதான் சோதனை வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முட்டிமோதிப் படித்துச் சொன்னேன்.

எழுதியவர் ஒரு வயதான அம்மாள். அவருடைய ஊரில் ஒரு பட்டாள முகாம் இருந்ததாம். அங்கே கல்யாணம் செய்துகொண்ட சிப்பாய்களின் பழைய பதிவேட்டில் தன் முன்னோரான ஒரு பெண்ணின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். மாப்பிள்ளை சிலுவைக்குறி போட்டிருந்தான். பட்டாளத்தை இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்ப உத்தரவு வந்தபோது, சில மனைவிமாரைத்தான் கூட அழைத்துப்போக முடியும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு வந்தது ‘இங்கேயே இரு’ என்கிற சீட்டு. அதற்குப் பிறகு எந்தப் பட்டாளம் திரும்பி வந்தாலும் முகாம் வாசலில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாளாம். வாலாஜாபாத்தில் அவன் பட்டாளத்தை விட்டு விலகினான் என்பதோடு காகிதங்கள் முடிந்துவிடுகின்றன, உங்கள் ஏட்டில் ஏதாவது இருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார்.

அந்த மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டதுமே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் துரையின் பெயர் அது.

“துரை இல்லியா? வெறும் சிப்பாயா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கையெழுத்துகூடப் போடத் தெரியாதா?” என்றார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, செல்லரித்த கல்யாணப் பதிவேட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குள் அகப்பட்டுவிட்டது. அதே பெயர், அதே சிலுவைக்குறி. கப்பல் ஏறிய இரண்டாம் வருஷமே எங்கள் ஊர்ப் பெண்ணோடு கல்யாணம். மாப்பிள்ளை ‘மணமாகாதவர்’ என்று எழுதியிருந்தது.

அப்பா ஏட்டை மூடினார். “ஒண்ணும் கெடைக்கலன்னு எழுதிடலாம்.”

“ஆமா. செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப சொல்லி யாருக்கு இன்னா?” என்றாள் அம்மா.

அத்தை சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “அந்தம்மா எத்தினி வருசம் அப்டி போய் நின்னுகினு இருந்தாங்களாம்?” என்று என்னைக் கேட்டாள்.

நான் கடிதத்தைப் பார்த்தேன். “சாவற வரைக்கும்னு போட்டுக்கீது அத்த.”

“கூடப் போன ஆளுங்க திரும்பி வந்திருப்பாங்க இல்ல. அவங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? ஒருத்தர்கூடவா சொல்லல?”

அம்மா ஏட்டின் மேல் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“தெரிஞ்சவங்க சொல்லிடணும் அண்ணா,” என்றாள் அத்தை. “பாவம்னு நெனச்சிகினு சொல்லாம இருக்கக் கூடாது.”

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “பாப்பா, நீ போய் வெளிய வெளையாடு,” என்றார். கடிதம் படிக்க நான் வேண்டும், பேச்சு சூடு பிடித்தால் நான் வேண்டாமா என்று எனக்குக் கோபமான கோபம். திரும்பி வந்தபோது அத்தை முகம் கழுவியிருந்தாள். அப்பாவின் கண் சிவந்திருந்தது. என்றோ செத்துப்போன வெள்ளைக்காரிக்காக எங்கள் வீட்டில் இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள் என்று நினைத்து, மறுநாள் பள்ளியில் பெருமையாகச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே பதில் எழுதினோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் உயிரோடுதான் இருந்தார், இங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டார், அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள், எங்களை மன்னியுங்கள். ‘மன்னியுங்கள்’ நாம் ஏன் கேட்க வேண்டும் என்றேன். “எழுதுடி,” என்றாள்.

அடுத்த வாரம் அத்தை ஒரகடம் பக்கத்து வயரிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து கூட்டிப்போகும். பால் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கடிதத்தால் எங்கள் வீட்டில் நடந்த ஒரே கெடுதல் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

முதல் நாள் நான் போனதும் பூத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னா பாப்பா, அத்த வரலியா? ஆறேகால் மெட்ராஸ் பஸ்ஸே இன்னும் வரலியே.”

“பாலுக்கும் பஸ்ஸுக்கும் இன்னா?”

“அது எவ்ளோ லேட்டா வந்தாலும் அவங்க நின்னு, எல்லாரும் எறங்குன அப்புறந்தான் வாங்குவாங்க.”

பால் பூத்திலேயே அடுக்கி இருந்தது. வாங்கிக்கொண்டு ஆறு இருபதுக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அத்தை கம்பெனி கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸு வர வரைக்கும் நிக்கவே வேணாம் அத்த. போன ஒடனே குடுத்துடறாங்க,” என்றேன்.

பூனைக்கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்டியா? எனக்குத்தான் தெரியாமப் போச்சு,” என்றாள்.

ஏழு வருஷமாக இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் அங்கே போய் நின்றிருக்கிறாளே என்று அன்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.