பாவம், கார்புரேட்டர் என்ன செய்யும்?

உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? கேட்கிறேன்... உங்களில் எத்தனை பேர் சொந்தமாக ஒரு பாறை வைத்திருக்கிறீர்கள்? காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு அதன் மேல் பைக்கில் ஏறி இறங்குகிறீர்களா?

போன வாரம் இந்தப் பத்தியில் வாய் சும்மா இருக்காமல், ‘மகன் பாறையில் பைக் ஓட்டுவதைப் பார்க்கப் போனேன்’ என்று ஒரே ஒரு வரி சொன்னேன். அவ்வளவுதான். ‘கரண்ட் பைக் உசத்தியா, பெட்ரோல் பைக் உசத்தியா? நேரில் பார்த்த நீங்களே சொல்லுங்கள்’ என்று ஆளுக்கு ஆள் பிடுங்குகிறீர்கள். ரசப்பொடி பற்றிக் கேளுங்கள், மருமகள் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்கிறேன். பைக் பற்றி என்னிடமா?

சரி, கேட்டுத் தொலைத்தீர்கள். சொல்கிறேன்.

டர்ட் பைக் என்றால் முதலில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். விளக்கு கிடையாது, கண்ணாடி கிடையாது. சேறு, மணல், பாறை என்று மனுஷன் நடக்க யோசிக்கிற இடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. சீட்டோ இஸ்திரிப் பலகை மாதிரி. பின்னால் ஆள் உட்கார இடமே இல்லை. என் மகன் பாபு ஏன் இதைப் பார்த்து வாங்கினான் என்று மருமகள் வசந்தாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சந்தேகம்.

பாபுவுக்கு சனத்நகரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெட்ரோல் பைக்கை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே, உப்பல் தாண்டிப் போய்விடுவான். அங்கே பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இவனோடு சலீம் பாய், இன்னும் நாலைந்து தலை நரைத்த பிள்ளைகள்.

அங்கே ஒரு பாறைக்கு மாமியார் பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று சலீமைக் கேட்டேன்.

“லேசுல ஏற வுடாது அம்மி. ஏறினாலும் உச்சில உக்கார வுடாது” என்றான். அவன் பாஷையில் அம்மி என்றால் அம்மா. வசந்தா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக அந்தப் பாறையில் பாபுவின் பைக் பாதியில் அணைந்துபோகிறது. கேட்டால், “கார்புரேட்டர்ல தூசும்மா” என்பான். பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற சாமானாம் அது. வீட்டுக்கு வந்து கழற்றித் துடைப்பான். மறுவாரம் மறுபடி அணையும். மறுபடி துடைப்பான். என் குங்குமச் சிமிழ்கூட அவ்வளவு பளபளப்பு இல்லை.

எனக்குக் கண்தான் மங்கல்... பார்க்க வேண்டியது நன்றாகவே தெரியும். காபி டம்ளரை இடது கையில் வாங்கினால் உடனே வலது கைக்கு மாற்றுகிறான். ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுங்கள் என்று வசந்தா நீட்டினால், “அப்புறம்” என்று நகர்கிறான். பட்டறை மெஷின் அதிர்ந்து அதிர்ந்து இடது மணிக்கட்டு நரம்பு கெட்டுப்போய், ஆபரேஷனும் ஆகிவிட்டது. கை வலி போயிற்று. பிடி மட்டும் திரும்பி வரவில்லை. கூட்டாளிகளிடம் அதைச் சொல்லவே இல்லை. வெயிலில்கூட முழுக்கைச் சட்டை!

பெட்ரோல் பைக்கில் இடது கைக்குத்தான் உயிர் இருக்கிறதாம். பாறையில் படிப்படியாக ஏறும்போது கிளட்சைக் கொஞ்சம் பிடி, கொஞ்சம் விடு, மறுபடி பிடி என்று இரண்டு விரலாலேயே இஞ்சினைக் கொஞ்ச வேண்டும். விரல் ஒரு நொடி தாமதித்தால் இஞ்சின் செத்துவிடும். கார்புரேட்டர் பாவம், அது என்ன செய்யும்?

நான் பார்க்கப் போன அந்த வாரம் பாபு கறாராகச் சொல்லிவிட்டான். “இந்த ஞாயித்துக்கெழம ஏறலன்னா பைக்க வித்துடறேன். வீட்லயே இருந்துக்கறேன்.”

வசந்தா சமையலறைக்கு வந்து என் காதில் கிசுகிசுத்தாள். “அத்த, இவரு ஞாயித்துக்கெழமையும் வீட்ல இருந்தா நான் அந்தப் பாறை மேல ஏறி உக்காந்துக்குவேன். போன தடவ மழைன்னு இருந்தாரே, ஞாபகம் இருக்கா? மசாலா டப்பாவ எல்லாம் ஏ பி சி டி வரிசைல அடுக்கிட்டாரு. கடுகு தேட அர நாளாச்சு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால், கண் சிரிக்கவில்லை. வீட்டோடு உட்கார்ந்துவிட்ட பாபு எப்படி இருப்பான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேத்தி திவ்யாவுக்குக் கச்சிபௌலியில் வேலை. அங்கே கூட வேலை செய்கிற பெண்ணிடமிருந்து ஒரு எலக்ட்ரிக் டர்ட் பைக்கை அந்த ஞாயிறுக்கு இரவல் வாங்கி வந்துவிட்டாள்.

“டாடி, ஜஸ்ட் ட்ரை செய்யண்டி. கியர் லேது, கிளட்ச் லேது. லெஃப்ட் ஹேண்டுக்குப் பனியே லேது, வேலையே இல்ல!” அவள் பேசினால் அப்படித்தான், தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று மூன்று ஊர் ஒன்றாக வரும்.

பாபு அதைச் சுற்றி வந்தான். “இது மிக்ஸிம்மா. சட்னி அரைக்கலாம்.”

“அரைச்சாதான் இன்னாடா? கல்லுல அரைக்கறவன் கைல பலம் இருக்கணுமே” என்றேன். முறைத்தான்.

ஞாயிறு காலை எல்லோரும் போனோம். புளிசாதம், மாங்காய் ஊறுகாய், எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

முதலில் பெட்ரோல் பைக். அடேயப்பா, என்ன சத்தம்! முதல் படி ஏறினான். இரண்டாவது படியில் சக்கரம் வழுக்கியது. லொடக்... அணைந்தது. சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி, இன்னொரு காலால் உதைக்கிறான், உதைக்கிறான். அது எழுந்ததும் மறுபடி லொடக். மூன்றாம் முறை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கேலி பேசுகிற கூட்டம் சும்மா இருந்தால் அதைவிடக் கஷ்டம் இருக்கிறதா?

“ஹவ் பாய், ஆமா, கார்புரேட்டர்தான்” என்றான் சலீம் மெதுவாக. அவனுக்கும் எப்போதோ தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பாபு பைக்கைக் கீழே உருட்டி வந்து நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. திவ்யா கரண்ட் பைக்கை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு சிவப்புக் கயிற்றையும் நீட்டினாள். ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனை பைக்கில். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிய்த்துக்கொண்டு வந்து, கரண்டு தானாக நின்றுவிடுமாம்.

“கயிறு கட்டி வுட நான் இன்னா கன்னுக்குட்டியா?” என்று தட்டிவிட்டான்.

கிளம்பினான். சத்தமே இல்லை... ‘சுய்ய்ங்’ என்று ஒரு முனகல். சக்கரத்தடியில் சின்னக் கல் நொறுங்குவதுகூட என் நாற்காலிக்குக் கேட்கிறது. முதல் படி. இரண்டாவது படி. அங்கே சக்கரம் லேசாக வழுக்கியது, பாருங்கள்... இத்தனை வருடப் பழக்கம் விடுமா? இடது கை விரல் நீண்டு இல்லாத கிளட்சைப் பிடித்தது. காற்றுதான் வந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது, இவன் தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்து, மெத்தையில் படுப்பது போல மெதுவாகப் படுத்தான்.

அடி இல்லை. எழுந்துவிட்டான். பைக் சத்தமில்லாமல் கிடந்தது. சத்தம் இல்லை என்றால் வண்டி அணைந்துவிட்டது என்றுதானே இவனுக்குத் தெரியும்? பெட்ரோல்காரன் புத்தி! வலது கைப்பிடியை முறுக்கிப் பிடித்துத் தூக்கினான்.

“டாடீ! ஆன்லோ உந்தி! ஆஃப் ஆகல!” என்று திவ்யா கத்தினாள்.

அவள் கத்தி முடிப்பதற்குள் அது இவன் கையை உதறிக்கொண்டு பாய்ந்தது. மூன்றாவது படியைத் தனியாகவே ஏறியது. மேலே போய் ஒரு புதரில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

பைக் பாஸ். என் பிள்ளை கீழே உட்கார்ந்திருக்கிறான்.

பிறகு சலீம், “பாய்... அதுக்கு நீ நக்கோவாம், வேணாமாம்” என்றான். அவ்வளவுதான், பாறையே சிரித்தது. முதலில் சிரித்தது யார் தெரியுமா? பாபு. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

நான் நாற்காலியிலிருந்தே சத்தம் போட்டேன். “டேய், கார்புரேட்டர் இல்லாத வண்டியும் உன்னை வுட்டுட்டுப் போயிடுச்சு. இப்ப யாரு மேல பழி போடுவ?”

எழுந்து வந்தான். நேராக வசந்தாவிடம் போய் நின்றான். சட்டைக்கையை முழங்கை வரை ஏற்றி இடது கையை நீட்டினான். ஆபரேஷன் தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. “கட்டு” என்றான்.

வசந்தா சிவப்புக் கயிற்றைத் தழும்பின் மேல் சுற்றி மாட்டினாள். வலிக்காமல் மாட்டுகிறோமா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

சலீம் புதரிலிருந்து வண்டியை இறக்கிக் கொண்டுவந்தான். இந்த முறை இரண்டாவது படியில் பாபுவே நிறுத்தினான். பெட்ரோல் பைக்காக இருந்தால் அந்தச் சரிவில் நின்றால் கதை முடிந்தது. இது நின்றது. மூச்சு வாங்கினான். இடது கை விரல்களைக் கைப்பிடியில் மடக்கி, அசையாதே என்று சொல்வது போல ஒரு முறை பார்த்தான். பிறகு வலது கையை ஒரு கடுகளவு திருப்பினான். மூன்றாவது படி. நாலாவது. உச்சி.

கத்துவான், கையைத் தூக்குவான் என்று பார்த்தேன். மேலே உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் இறங்கவில்லை. வசந்தா புளிசாத டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

சாப்பிடும்போது ஊறுகாய் பாட்டிலைக் கையில் எடுத்தான். பார்த்தான். சலீமிடம் நீட்டினான்.

“நீ தெற பாய். எனக்குக் கையில பிடி இல்ல.”

சலீம் திறந்து கொடுத்தான். அத்தோடு சரி. ஊறுகாய்தான் சீக்கிரம் தீர்ந்துபோயிற்று.

அதற்காக, பாட்டி கரண்ட் பைக்குக்குக் கொடி பிடிக்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். சாப்பிட்டபின் பாபு வண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் மணலிலும் மேட்டிலுமாகச் சுற்றி, சார்ஜ் தீர்ந்து, அரை மைல் தள்ளிக்கொண்டு வந்தான். நாக்கு தள்ளிவிட்டது. அந்தக் காட்டில் எங்கே போய் ப்ளக்கைச் சொருகுவது? சலீம் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டு இவனைச் சுற்றிச் சுற்றி வந்து கையாட்டினான். முழங்கால் உயரத்துக் கல்லை சலீம் கிளட்சைச் சுண்டி முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டுகிறான், பாருங்கள்... அந்த வித்தை அன்றைக்குக் கரண்ட் பைக்கில் பாபுவுக்குக் கடைசி வரை கைவரவில்லை. அவன் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் போனான். சத்தம் இல்லாததால் எருமைகூட வழி விடவில்லை.

ஆக, எது உசத்தி? கை சொன்னபடி கேட்டால் பெட்ரோல். கேட்காவிட்டால் கரண்ட். ப்ளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், ஒன்று கவனித்தேன். நம் எல்லோரிடமும் ஒரு கார்புரேட்டர் இருக்கிறது. முடியவில்லை என்று சொல்ல வாய் வராதபோது கழற்றித் துடைப்பதற்கு. என்னுடையது மூக்குக்கண்ணாடி. ஊசியில் நூல் கோக்க வராவிட்டால் உடனே துடைப்பேன்.

பாபுவின் பழைய பைக் விற்பனைக்குப் போகவில்லை, திவ்யா ஓட்டப் பழகுகிறாள். பாபு தனக்கென ஒரு கரண்ட் பைக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறான். வசந்தாவின் மசாலா டப்பாக்கள் பிழைத்தன.

அன்றைக்கு வீடு திரும்பியபோது சிவப்புக் கயிறு அவன் கையிலேயே இருந்தது. கழற்ற மனம் வரவில்லை போல. லிஃப்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாளே எதிர் ஃபிளாட் சுஜாதா, கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். “அம்மகாரு, அது ஏ குடிதி? எந்தக் கோயில் கயிறு? பாபுகாரு முகமே மாறிப்போச்சே!”

“உப்பலுக்கு அந்தாண்ட ஒரு மலைக்கோயில்மா. படி ஏர்றது கஷ்டம். ஆனா ரொம்ப சக்தி” என்றேன்.

“நிஜமாவே வேலை செய்யுமா?”

“செய்யும்மா... ஆனா மொதல்ல ஒரு தடவ கீழ விழணும்.”